காலியாகக் கிடந்த செவ்வாய்க்கிழமை

நண்டின் முதுகை இடது கால் மெல்ல மிதித்துக்கொண்டிருக்க, கோமளாவின் இரண்டு கைகளும் வேலை செய்துகொண்டிருந்தன. வலது கொடுக்கை மடக்கி உடம்போடு சேர்த்து ஈர நூலால் இரண்டு சுற்று. அப்புறம் இடது கொடுக்கு, அதற்கும் இரண்டு சுற்று. இரண்டு நூலும் ஓட்டின் பின்பக்கம் சந்திக்கிற இடத்தில் ஒரு முடிச்சு. முடிச்சு அதிகம் இறுகினால் கொடுக்கு ஒடியும். தளர்ந்தால் வாங்குகிறவரின் விரல் போகும். ஒரு நண்டு முடிந்ததும் கைகள் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் கவிழ்த்து வைத்த அன்னக்கூடை மேலிருந்த நோட்டில் ஒரு வரி எழுதின. பிறகு அடுத்த நண்டு.

அதனால் அவள் எழுதும் நாவலில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே ஒரு நண்டு இருக்கிறது. படிக்கிறவர்களுக்கு இது தெரியாது.

"இன்னாமே, முடிஞ்சிச்சா?" என்று கேட்டபடி அவள் புருஷன் பெருமாள் வந்தான்.

"எது, நண்டா, கதையா?"

"ரெண்டுந்தான். தலைவரு வலைக்கூடத்துல வந்து ஒக்காந்துட்டாரு. பத்து பேரு சேந்துட்டானுங்கோ. டீ கூட சொல்லிட்டாங்க."

"இன்னும் நாலு நண்டு கீது. இரு."

"நாலு நண்டுன்னா நாலு வரியா? கதைய முடிச்சிடுவியா?"

"ஆபரேட்டர் லிப்டுல ஏறணும், கதவு மூடணும், பட்டன அமுக்கணும், போவணும். நாலு வரிதான்" என்றாள் கோமளா.

கோமளாவுக்கு நாற்பத்து நான்கு வயது. பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவுக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிவியில் வரும் 'காலத்தூக்கி' தொடரை முதல் வாரத்திலிருந்து பார்க்கிறாள். பதினான்கு வருடமாக ஓடும் தொடர் அது. பழைய அரசாங்கக் கட்டடம் ஒன்றில் ஒரு லிப்ட். அதில் கீழே போனால் கடந்த காலம், மேலே போனால் வருங்காலம், தரைத்தளம் என்றால் இன்று. லிப்டை ஓட்டுகிறவர் ஆபரேட்டர் அம்பலவாணன். காக்கி சட்டை, ஸ்டூல், ஒரு டிபன் கேரியர். அவ்வளவுதான் அவர் சொத்து.

இத்தனை வருடம் ஓடுகிற தொடரில் ஓட்டைகள் விழுவது இயற்கை. முந்நூறாவது வாரம் மீசையோடு லிப்டில் ஏறிய ஆபரேட்டர், முந்நூற்று ஒன்றாவது வாரம் மீசை இல்லாமல் இறங்கினார். நடிகர் மாறிவிட்டார். ஊரெல்லாம் அதை விட்டுவிட்டது, கோமளா விடவில்லை. 'ஒரு மாடி இறங்குவதற்குள் மீசைக்கு என்ன ஆயிற்று?' என்று தொலைக்காட்சிக் கம்பெனிக்கு ஒரு தபால் கார்டு போட்டாள். பதில் இல்லை. அடுத்த கார்டு, அதற்கடுத்த கார்டு. பதினோராவது கார்டுக்கு, அந்தத் தொடரின் கதைகளை நாவலாகப் போடும் ஒரு சின்னப் பதிப்பகத்திலிருந்து ஜெசிந்தா என்ற உதவி ஆசிரியை போன் செய்தாள். 'என்ன ஆச்சுன்னு நீங்களே எழுதுங்களேன்' என்றாள். அலுப்பில் சொன்னதுதான். கோமளா இரண்டு மாதத்தில் எழுதிக் கொடுத்தாள். 'மீசை போன நூற்றாண்டு' என்ற அந்த நாவல் மூன்று பதிப்பு கண்டது.

அதற்குப் பிறகு ஐந்து நாவல்கள். எல்லாமே தொடரின் இரண்டு வாரங்களுக்கு நடுவில் நடந்தவை. டிபன் கேரியரில் நான்கு அடுக்கு மூன்றானது எப்படி, ஆபரேட்டரின் செருப்பு எந்த யுகத்தில் அறுந்தது என்பதுபோல. ஆனால் ஆறு நாவலின் அட்டையிலும் எழுதியவர் பெயர் 'அம்பலவாணன்' என்றுதான் இருந்தது. ஆபரேட்டரே தன் கதையைத் தானே எழுதுவதுபோல் கம்பெனி செய்திருந்த ஏற்பாடு. பெருமாள் ஒவ்வொரு புத்தகமும் வந்ததும் அட்டையைப் பார்ப்பான். "அவன் லிப்டு ஓட்டுவானா, நண்டு கட்டுவானா?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைப்பான்.

ஏழாவது நாவல் கோமளா வாழும் ஊரிலேயே நடக்கிறது. இதற்குக் கம்பெனி ஒரு நிபந்தனை போட்டது. முன்பு வேறொருவர் எழுதிய நாவலில் ஆபரேட்டர் ஒரு கோயிலுக்குள் செருப்போடு நுழைந்து, நாற்பது வாசகர் கடிதம் வந்து, அவர்கள் சூடு கண்டிருந்தார்கள். ஆகவே, 'எங்கள் ஊர் வழக்கத்துக்கு மாறாக இந்தக் கதையில் எதுவும் இல்லை' என்று ஊர்த் தலைவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். அந்தக் கடிதம் வந்தால், ஊருக்குப் பொறுப்பேற்றவர் என்ற முறையில் அட்டையில் கோமளாவின் பெயர் வரும். வராவிட்டால் அம்பலவாணன்தான்.

அட்டை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. இன்று சனிக்கிழமை. மாலை ஐந்து பத்து மின்சார ரயிலில் ஜெசிந்தா வீட்டுக்குத் திரும்புவாள். அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் வண்டி நிற்கும் ஒரு நிமிடத்தில் கையெழுத்துப் பிரதியை அவள் கையில் கொடுக்க வேண்டும். பொன்னேரிதான் பக்கம். ஆனால் மூன்றாவது நாவலை அங்கே கொடுத்தபோது, கூட்டத்தில் ஐந்தாம் அத்தியாயம் மட்டும் வேறு யாருடனோ போய்விட்டது. அத்தியாயம் இல்லாமலே புத்தகம் வந்தது. காலத்தில் திடீரென்று தாவும் உத்தி பிரமாதம் என்று வாசகர்கள் எழுதினார்கள். கோமளாவுக்கு அது இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து அனுப்பம்பட்டுதான்.

வலைக்கூடத்தில் தலைவர் துலுக்காணம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். மற்றவர்கள் வலைக்குவியல்மேல். தலைவரின் மனைவி காசியம்மாள் தூண் ஓரம் நின்று டீ ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"படிம்மா. கையெழுத்துன்னா சும்மா இல்ல. முழுசா கேட்டுட்டுதான் போடுவேன்" என்றார் துலுக்காணம்.

கோமளா படித்தாள். ஏரிக்கு நடுவே, தண்ணீருக்கு மேலே, ஒரு லிப்ட் கதவு திறக்கிறது. அதற்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆபரேட்டர் முழங்கால் ஆழத்தில் இறங்குகிறார். அவர் எதிரி நேரந்திருடி, காட்டுப்பள்ளித் துறைமுகப் பக்கம் தெரியும் கிரேன்களுக்கு நடுவில் தானும் ஒரு கிரேன் போல நின்றுகொண்டிருக்கிறான். தலைகள் ஆடின, அப்படி நிற்கக்கூடியவன்தான். ஒரு திங்கட்கிழமை அவன் லிப்டின் தரைத்தள பட்டனைப் பிடுங்கி ஏரியில் எறிகிறான். அது இல்லாமல் ஆபரேட்டர் இன்றைக்குத் திரும்ப முடியாது. பட்டனை ஒரு நண்டு கொடுக்கில் பிடித்துக்கொள்கிறது.

"நண்டு புட்ச்சா விடாது. கரெக்ட்டு" என்றான் பரத். போன வருடம் கல்யாணமாகி, ஏரியில் பங்குள்ள ஆளாக ஊர்க்கணக்கில் சேர்ந்தவன். காலத்தூக்கியை ஒரு வாரம்கூட விடாதவன்.

நண்டு புதன்கிழமை பிடிபட்டு ஐஸ் வண்டி ஏறிவிட்டது. ஆகவே ஆபரேட்டர் லிப்டில் ஒரு நாள் கீழே இறங்கி, அதற்கு முந்தின நாளுக்குப் போகிறார். ஐப்பசி ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. வடக்கு வாய்க்காலில் வலை கட்டுகிறார்.

"நில்லு" என்றார் துலுக்காணம்.

கோமளா நிறுத்தினாள்.

"செவ்வாக்கெழம வடக்கு வாய்க்கால் யார் பாடு?"

கூடத்தில் சலசலப்பு. பெருமாள் தலையில் கைவைத்துக்கொண்டான்.

இந்த ஊரில் பாடு என்றால் முறை. ஏரியில் இறாலும் நண்டும் வருகிற வழிகள் சிலதான். எந்த வழியில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு, முறை வைத்து ஓடுகிறது. அடுத்தவன் பாட்டில் வலை கட்டியவனை ஊர் மூன்று முறைக்குத் தள்ளி வைக்கும். கோமளாவுக்கு இது தெரியாதா? தெரிந்துதான் அந்தச் செவ்வாயைத் தேர்ந்தெடுத்தாள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் உண்மையான தேதி போட வேண்டும் என்பது கம்பெனி விதி. எந்த வாய்க்காலில் யார் வலை கட்டினார்கள் என்று பெருமாள் குறித்து வைக்கும் தினசரிக் காலண்டரை எடுத்து, ஒரு மாதம் முழுக்கத் தேடி, வடக்கு வாய்க்காலில் ஒருத்தருமே வலை கட்டாத ஒரு நாளைக் கண்டுபிடித்தாள். யாருக்கும் நஷ்டம் இல்லாத நாள்.

"அன்னிக்கு யாருமே போவல மாமா. காலியாதான் கெடந்துது. காலண்டர்ல பாத்துட்டுதான் எழுதினேன்" என்றாள்.

"காலியா கெடந்தா? சுடுகாடு கூடத்தான் காலியா கீது, போயி படுத்துக்குவியா? பாடு பாடுதான். அன்னிக்கு என் பாடு!"

கோமளா நோட்டை மூடினாள். காலியான நாள் யாருக்கும் சொந்தமில்லை என்று நினைத்தது தப்பு. பக்கத்து ஊர்க்காரி எழுதினால் மன்னிக்கலாம். பாடு முறை ஓடும் ஊரில் இருபத்து மூன்று வருடம் குடித்தனம் செய்தவள் எழுதலாமா?

"வழக்கத்துக்கு மாறா ஒண்ணும் இல்லன்னு நான் எப்படிமா கையெழுத்து போடறது? என் பாட்டுலயே கை வெச்சிருக்கான்!"

"மாமா, அவுரு நேத்திக்குப் போயிட்டுதான் வலை கட்றாரு" என்றான் பரத். "நேத்திய பாடு முடிஞ்சி போச்சே. முடிஞ்ச பாட்டுல எவன் கட்டனா இன்னா?"

"முடிஞ்சிச்சா? அவன் போறப்ப முடியலியே! அவனுக்கு அது இன்னிக்கு!"

"அப்ப இன்னிக்கி யார் பாடோ அவங்களத்தான் கேக்கணும்."

"இன்னிக்கி என் பாடு. நான் குடுக்க மாட்டேன்" என்றார் வலைக்குவியல் மேலிருந்து ஒருவர். அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

அரை மணி நேரம் இப்படியே போனது. லிப்டில் நேற்றுக்குப் போனால், நேற்று வலை கட்டியவனும் இருப்பான், இவனும் இருப்பான், ஒரே வாய்க்காலில் இரண்டு வலையா? நேற்றைய பாட்டுக்கு இன்று சீட்டுப் போடலாமா? ஒருவர் சீட்டுக்குக் காகிதமே கிழித்துவிட்டார்; கோமளாவின் நோட்டிலிருந்துதான் கிழித்தார். நல்லவேளை, கடைசியிலிருந்த வெற்றுத்தாள்களில் ஒன்று.

"வெளியூர்க்காரனுக்குப் பாடு கெடையாது. அதான் மொத பேச்சு" என்று துலுக்காணம் தீர்த்தார். "இந்த ஊர்ல பொறந்திருக்கணும். இல்லன்னா பொண்ணு கட்டியிருக்கணும். ஏம்மா, அவன் எந்த ஊரு?"

"பதினாலு வருசமா சொல்லல மாமா. சொல்லக்கூடாதுன்னு ரெண்டாவது விதி."

"அப்ப கண்ணாலம் பண்ணி வெச்சிடு. நம்ம ஜமுனாவுக்குப் பாத்துனுதான் கீறாங்க. கவருமெண்டு வேலை வேற."

"கல்யாணமே பண்ணக்கூடாது. ஏழாவது விதி."

"இன்னா கம்பெனி இது! ஊரும் இல்ல, பொண்டாட்டியும் இல்ல, அடுத்தவன் பாட்டுல வலை மட்டும் கட்டுவானா?"

பெருமாள் மெதுவாகக் கோமளாவின் பக்கம் நகர்ந்தான். "ஒரு மணி ஆவுது. ரெண்டு மணி படகு வுட்டா ரயில் போச்சு. பேசாம மாத்திடேன். வேற நாளு போடு."

"எந்த நாளு போட்டாலும் யாரோ ஒருத்தர் பாடு கீதே. காலியா கெடந்தது அது ஒண்ணுதான்." இதைச் சொல்லும்போதே அவளுக்கு ஒன்று உறுத்தியது. வரிக்கு வரி சரிபார்க்கிறவள், இதைச் சரிபார்க்காமல் விட்டிருந்தாள். வடக்கு வாய்க்கால், ஐப்பசி மாதம், நல்ல தண்ணீர். அந்தப் பாட்டை யார் சும்மா விடுவார்கள்?

"மாமா, உங்க பாடுதானே? அன்னிக்கு நீங்க ஏன் போவல?"

துலுக்காணம் டீ கிளாசை எடுத்தார். கிளாஸ் காலி. இருந்தாலும் குடித்தார்.

"ஜுரம்."

"ஜுரமாம் ஜுரம்!" தூண் ஓரத்திலிருந்து காசியம்மாள் சொன்னாள். "தீவாளிக்கு மின்னாடி அந்த லிப்டுக்காரன் ஸ்பெசலு போட்டான் பாரு, காலைல ஆறுலருந்து சாயந்தரம் ஆறு வரைக்கும், பழசு எல்லாத்தையும் சேத்து. போர்வைய போத்திக்கினு டிவி மின்னாடி ஒக்காந்தவர்தான். கஞ்சி வேற கேட்டாரு. நான் ஜுரம்னு நம்பி வெச்சிக் குடுத்தேன்."

வலைக்குவியல் மேலிருந்தவர்கள் சிரித்துச் சிரித்து ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"உள்ள ஜுரம்! வெளிய தெரியாது!" என்று துலுக்காணம் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

கோமளா சிரிக்கவில்லை. அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "மாமா, ஜுரம்னு வந்தா பாட்டுக்காரன் மாத்தாள் அனுப்பலாம்தானே?"

"அனுப்பலாம்" என்றார் அவர் எச்சரிக்கையாக. "புடிக்கறதெல்லாம் பாட்டுக்காரனுக்கு. போனவனுக்குக் கொழம்புக்கு மட்டும்."

"மாத்தாள் வெளியூரா இருக்கலாமா?"

"போன வருசம் என் மச்சான் போனான். அவன் பழவேற்காடு."

"அப்ப ஆபரேட்டர் உங்களுக்கு மாத்தாளா போறாரு. நீங்க ஜுரத்துல கீறீங்க, அவுரு வந்து கதவத் தட்றாரு, நீங்க அனுப்பறீங்க. புடிச்சது மொத்தமும் உங்க வீட்டுக்கு. கொழம்புக்கு ஒரே ஒரு நண்டு எடுத்துக்கறாரு. பட்டன் புட்ச்சினு கீது பாருங்க, அந்த நண்டு."

துலுக்காணம் யோசித்தார். மறுக்க வழி தேடினார், இல்லை. ஆனாலும் ஊர்த் தலைவர்.

"எவ்ளோ பெரிய நண்டு?"

"ஒரு கிலோ நண்டுன்னு எழுதியிருக்கேன்."

"கொழம்புக்கு எவன்மே ஒரு கிலோ நண்டு குடுப்பான்? சின்னதா எழுது."

"அரைக் கிலோ."

"கால் கிலோ. ஒத்தக் கொடுக்கு."

"ஒத்தக் கொடுக்குதான். அதுலதான் பட்டன் கீது."

"அப்புறம் எனக்கு ஜுரம். டிவின்னு எங்கியும் வரக்கூடாது. உடம்பு எப்படி கொதிச்சிதுன்னு எழுது."

"நீங்க அவர நேர்ல பாத்தா இன்னா சொல்லுவீங்க மாமா? பேச்சுன்னு ஒண்ணு போடணுமே."

துலுக்காணத்தின் முகம் மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினான்கு வருடமாகப் பார்த்துவரும் ஒருவரை வாசலில் சந்திப்பது சாதாரணம் இல்லை. காலி கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "சாப்ட்டியாப்பான்னு கேப்பேன்" என்றார்.

கோமளா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். கடிதத்தில் கையெழுத்து விழுந்தது.

இரண்டு மணிப் படகில், நோட்டைத் தாள் தாளாகப் பிரித்து, அங்கே கிடந்த பலகையை மடியில் வைத்து, மூன்று பக்கத்தைத் திருப்பி எழுதினாள். ஒரு கிலோ நண்டு கால் கிலோவானது. அது எளிது. ஆனால் எட்டாம் அத்தியாயத்தில் அதே நண்டு நேரந்திருடியின் காலைக் கவ்வி ஒரு கிரேனையே சாய்க்கிறது. கால் கிலோ நண்டு கிரேனைச் சாய்க்குமா? பழவேற்காடு கரையேறும் வரை யோசித்து, நண்டைக் கிரேனின் சுவிட்சுக்கு மாற்றினாள். பொன்னேரி பஸ்ஸில் துலுக்காணத்தின் ஜுரத்தை எழுதினாள். குலுங்கிய எழுத்து ஜுரத்துக்குப் பொருத்தமாகவே இருந்தது. பெருமாள் பக்கத்தில் உட்கார்ந்து, திருத்திய ஒவ்வொரு தாளையும் வாங்கி, எண்ணைப் பார்த்து, வரிசையில் சேர்த்தான். ஐந்தாம் அத்தியாயம் இருக்கிறதா என்று மட்டும் நான்கு முறை பார்த்தான்.

அனுப்பம்பட்டு பிளாட்பாரத்தில் கடைசிச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து தாள்களைத் தட்டி ஒழுங்காக்கினாள். கட்ட ஒன்றும் இல்லை. முந்தானை முடிச்சில் காலை வேலையின் நூல் மீதம் இருந்தது. கைகள் தாமாகவே வேலை செய்தன: வலது பக்கம் இரண்டு சுற்று, இடது பக்கம் இரண்டு சுற்று, பின்னால் ஒரு முடிச்சு. கடிதத்தை மட்டும் நூலுக்கு வெளியே, மேலே செருகினாள்.

"நண்டு மாரியே கீது" என்றான் பெருமாள்.

"ஓடாது" என்றாள் கோமளா.

வண்டி வந்தது. மகளிர் பெட்டியின் வாசலில் ஜெசிந்தா ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையை நீட்டியபடியே வந்தாள்.

"கோமளாக்கா! லெட்டர்?"

"மேல கீது மேடம்!"

ஜெசிந்தா கடிதத்தை உருவிப் படித்தாள். புருவம் உயர்ந்தது. "'அன்று எனக்கு உண்மையாகவே காய்ச்சல்'னு மூணு தடவை எழுதியிருக்காரே, எதுக்கு?"

"அது எங்க ஊரு வழக்கம் மேடம். கையெழுத்து கீதுல்ல?"

"இருக்கு, இருக்கு. சரி, அட்டையில பேரு எப்படிப் போடணும்? கோமளாவா, கோமளா பெருமாளா? சீக்கிரம் சொல்லுங்க!"

கோமளா பெருமாளைப் பார்த்தாள். ஆறு புத்தகத்தை அலமாரியில் வைத்த பெருமாள், இப்போது தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நண்டு கட்னது யாரு? உன் பேர மட்டும் போடச் சொல்லு" என்றான்.

"கோமளா! அவ்ளோதான் மேடம்!"

வண்டி ஊதியது. கோமளா தாள்கட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். ஜெசிந்தா வாங்கினாள். வாங்கியதும் நூலைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை.

"அக்கா, இதை எப்படி அவிழ்க்கறது?"

"முன்னாடி இழுக்காதீங்க, கடிச்சிடும்!" என்று நகரும் வண்டியோடு இரண்டு அடி நடந்தபடியே கத்தினாள் கோமளா. "பின்பக்கமா இழுங்க!"